கீழுலகும் அதன் ஆறுகளும்: இலத்தீன் பெயர்கள் பற்றிய ஓர் ஆராய்ச்சி

மதுரை மாநகர்க்குத் தெற்கே, வயல்களும் கண்மாய்களும் பரந்த சமவெளியில், அவனியாபுரம் என்னும் ஊர் உளது. 2011-ஆம் ஆண்டு முதல் அது மாநகராட்சியின் ஒரு பகுதியாய் விளங்குகின்றது. அவ்வூர்ப் பெயரின் முதற்கண் கேட்கப்படும் அவனி என்னுஞ் சொல் நமக்கு நிலவுலகைக் குறிக்கும். ஆயின் வடமொழியின் மிகப் பழைய நூலாகிய இருக்கு வேதத்தில் அது ஆற்றின் படுகையையும் நீரோட்டத்தையுமே குறித்தது. நிலம் என்னும் பொருள் பின்னர் வந்தது. ஆறு ஓடிய தடத்தின் பெயர், நாளடைவில் ஆறுகள் ஓடும் உலகிற்கே பெயராயிற்று. கண்ணாற் காணும் நிலத்தின் பெயருக்கே இத்தகைய வரலாறு உண்டெனின், எவரும் சென்று கண்டு மீளாத கீழுலகிற்கும், அங்கே ஓடுவனவாகச் சொல்லப்படும் ஆறுகளுக்கும் மக்கள் இட்ட பெயர்கள் எத்துணை ஆராயத்தக்கன!

இவ்வாராய்ச்சி வெறும் வேடிக்கையன்று. இலத்தீன் காப்பியக் கதைகளைத் தமிழில் எழுதப் புகும் மாணவர் பலர், மூலத்தில் இன்ஃபெரி என்று வரினும், ஓர்க்குஸ் என்று வரினும், தார்த்தருஸ் என்று வரினும், யாவற்றிற்கும் நரகம் என்னும் ஒரு சொல்லையே எழுதிச் செல்கின்றனர். இது சிறு பிழை போலத் தோன்றும்; ஆயினும் இதன் விளைவு சிறிதன்று. நரகம் என்பது தீவினை செய்தார் தண்டனை பெறும் இடம். இன்ஃபெரி என்பதோ நல்லாரும் தீயாரும், அரசரும் அடிமைகளும், பால் மறவாத குழவிகளும் இறந்தபின் ஒருங்கு சேரும் உலகம். இதனை நரகம் என்று பெயர்ப்போமாயின், இறந்தார் அனைவரையும் ஒரு சொல்லாலே குற்றவாளிகளாக்கி விடுகின்றோம். மொழிபெயர்ப்போன் தான் அறியாமலே நீதிபதியின் ஆசனத்தில் அமர்ந்து விடுகின்றான்.

ஆதலின், உரோமர் தம் கீழுலகிற்கும் அதன் ஆறுகளுக்கும் வழங்கிய பெயர்களையும், அவற்றிற்கு ஒத்தனவாகத் தமிழில் உள்ள சொற்களையும், இவ்விரு மொழிகளும் நம் நாட்டிலே ஒருங்கு சேர்ந்த வரலாற்றையும் முறையே நோக்குவாம்.

உரோமர் தமக்கே உரிய பெயர்கள்

முதலாவது, இன்ஃபெரி. கீழுள்ளார் என்பது இதன் நேர்ப்பொருள். கீழுள்ள என்று பொருள்படும் இன்ஃபெருஸ் என்னும் அடைச்சொல்லினின்று இது பிறந்தது. இச்சொல்லும் வடமொழியின் அதரம் என்னுஞ் சொல்லும் ஒரே மூலத்தினின்று கிளைத்தன என்பது மொழிநூலார் துணிபு. அதரம் என்பதற்கும் கீழுள்ளது என்பதே முதற்பொருள். அது கீழுதட்டிற்குப் பெயராகித் தமிழிலும் புகுந்து, இன்று உதடு என்னும் அளவில் நிற்கின்றது. உரோமர் இறந்தாரைக் குறிக்க வழங்கிய சொல்லும், நம் புலவர் இதழைக் குறிக்க வழங்கிய சொல்லும் உடன்பிறந்தன என்பது அறிந்து மகிழத்தக்கது.

இன்ஃபெரி என்பது இடத்தின் பெயரன்று, அவ்விடத்து வாழ்வாரின் பெயர் என்பதை மாணவர் உளங்கொள்ளல் வேண்டும். இறந்தான் ஒருவனைக் கீழுள்ளாரிடம் சென்றான் என்றே உரோமர் கூறுவர். அவர்கட்குச் சாவு என்பது ஓர் இடத்திற்குச் செல்வதைக் காட்டிலும், முன் சென்றோரைச் சேர்வதாகவே தோன்றிற்று. இதனைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கிக் கீழோர் என்று எழுதவும் இயலாது. தமிழிற் கீழோர் என்பார் குணத்தாற் கடைப்பட்டோர். கீழ் என்னுஞ் சொல்லே நமக்குக் கதிரவன் எழும் திசைக்கும் பெயராதலின், கீழுலகம் என்பதும் இடம் நோக்கியே பொருள் கொள்ளப்படும். நேர்ப்பொருள் ஒன்றாயினும் வழக்கு வேறாகும் என்பதற்கு இது தக்க சான்று.

இரண்டாவது, ஓர்க்குஸ். இது சாவின் தெய்வத்திற்கும், அத்தெய்வம் ஆளும் இடத்திற்கும் பொதுப்பெயர். கற்றோர் நூல்களிற் கிரேக்கப் பெயர்கள் மிகுந்த காலத்தும், பொதுமக்கள் வாயில் ஓர்க்குஸ் என்னும் பெயரே நிலைத்தது என்பதற்குப் பிற்கால வழக்கே சான்றாகும். இன்றைய இத்தாலிய மொழியில் ஓர்க்கோ என்பது மனிதரைத் தின்னும் அரக்கனைக் குறிக்கும். பழைய தெய்வம் குழந்தைகளை அச்சுறுத்தும் பூதமாய்ச் சுருங்கி விட்டது.

மூன்றாவது, தீஸ். செல்வமுடைய என்று பொருள்படும் தீவெஸ் என்னுஞ் சொல்லின் குறுக்கம் இது. கிரேக்கர் கீழுலகத் தலைவனைச் செல்வன் என்னும் பொருளில் புளூட்டோன் என்று அழைத்ததை உரோமர் தம் மொழியிற் பெயர்த்துக் கொண்டனர். யாவும் மண்ணினின்றே தோன்றி மண்ணுக்கே மீள்கின்றன. ஆதலின் மண்ணின் கீழிருப்பவன் செல்வன் எனப்பட்டான் என்று சிசரோ விளக்குகின்றார். பொன்னும் மணியும் மண்ணுக்குள்ளிருந்து வருவன; நெல்லும் மண்ணுக்குள் விழுந்தே முளைப்பது. அச்சத்திற்குரிய ஒருவனைச் செல்வன் என்று அழைப்பதில் ஒரு வகை இடக்கரடக்கலும் உண்டு.

நான்காவது, மானேஸ். இது இறந்தாருடைய உயிர்கட்குப் பெயர். பழைய இலத்தீனில் நல்ல என்னும் பொருளுடைய சொல்லினின்று பிறந்ததாதலின், நல்லோர் என்பது இதன் பொருளாம். உரோமருடைய கல்லறைக் கற்களில், மானேஸ் தெய்வங்கட்கு உரியது என்னும் வாசகம் தலைப்பாகப் பொறிக்கப்பட்டிருக்கும். ஆண்டுதோறும் பிப்ரவரித் திங்கள் 13-ஆம் நாள் முதல் 21-ஆம் நாள் வரை பரெந்தாலியா என்னும் நோன்பு காத்து, குடும்பத்தார் தம் முன்னோரின் கல்லறைகட்குச் சென்று எளிய படையல் இட்டு வந்தனர். ஆடியிலும் தையிலும் அமாவாசை நாளில் நீர்த்துறைக்குச் சென்று முன்னோர்க்கு எள்ளும் நீரும் இறைப்பாரைக் கண்டு வளர்ந்த நமக்கு, இஃது அயலார் வழக்கமாகத் தோன்றாது.

அவெர்னுஸ் ஏரி

இத்தாலி நாட்டு நேப்பிள்ஸ் நகர்க்கு மேற்கே, கூமை என்னும் பழைய ஊரின் அருகே, அவெர்னுஸ் என்னும் ஏரி இன்றும் உளது. அவிந்துபோன எரிமலையின் வாயில் நீர் தேங்கி அமைந்த ஏரி அது. பண்டு அதன் கரைகளை அடர்ந்த காடு சூழ்ந்திருந்தது. அந்நீரினின்றெழும் நச்சாவியால் அதன் மேற் பறக்கும் பறவைகள் மடிந்து வீழும் என்று முன்னோர் நம்பினர். கிரேக்க மொழியிற் பறவையின்மை என்னும் பொருள்பட வரும் சொல்லே அவெர்னுஸ் ஆயிற்று என்றும் உரைத்தனர். இலத்தீன் பெருங்கவிஞராகிய வெர்கிலியுஸ் (ஆங்கிலத்தின் வழியே வர்ஜில் என்று நாம் அறிந்தவர்) தம் காப்பியத் தலைவனாகிய ஏனேயாஸ் கீழுலகம் புகுந்த வாயில் இவ்வேரிக் கரையில் உள்ள குகையே என்று பாடினார். வாயிலின் பெயர் பின்னர் உள்ளிடம் முழுவதற்கும் பெயராயிற்று.

வெர்கிலியுஸ் அக்காப்பியத்தை எழுதத் தொடங்குமுன்னரே, கி.மு. 37-இல், அக்ரிப்பா என்னும் படைத்தலைவர் அக்காட்டை வெட்டி, ஏரியைக் கடலோடு கால்வாயால் இணைத்து, போர்க்கப்பல்கள் தங்கும் துறையாக்கி விட்டார். எனவே, மாலுமிகள் உண்டு உறங்கித் தொழில் செய்த துறையையே கவிஞர் சாவின் வாயிலாகப் பாடினார். அவர் நூலைப் படித்த உரோமரும் அதனை ஏற்றனர். பெயரின் ஆற்றல் அத்தகையது.

ஈண்டு மாணவர்க்கு ஓர் எச்சரிக்கை. அவனி, அவெர்னுஸ் என்னும் இவ்விரண்டும் செவிக்கு ஒத்தொலிக்கின்றன. ஒன்று நிலத்தையும் மற்றொன்று நிலத்தின் கீழுள்ள உலகையும் குறிக்கின்றன. இவ்வளவே கொண்டு இரண்டும் ஒரு சொல்லே என முடிவு கட்டுதல் மொழிநூல் ஆகாது. ஒலி ஒப்புமை மட்டும் உறவுக்குச் சான்றாகாது. ஒலிகள் முறைப்படி மாறி வந்த நெறி காட்டப்படல் வேண்டும். இன்ஃபெருஸ், அதரம் என்பன செவிக்கு ஒவ்வாதன. எனினும் அவை உறவுடையன. அவனி, அவெர்னுஸ் என்பன செவிக்கு ஒத்தன. எனினும் அவற்றிற்கு உறவு காட்டுவார் இலர்.

கிரேக்கரிடமிருந்து பெற்ற பெயர்கள்

எரெபுஸ், தார்த்தருஸ், எலீசியும் என்னும் மூன்றும் கிரேக்கத்தினின்று இலத்தீனுட் புகுந்தன. எரெபுஸ் என்பது இருள். தார்த்தருஸ் என்பது மிக ஆழமான சிறை. வானம் நிலத்தினின்று எவ்வளவு உயரத்தில் உளதோ, அவ்வளவு ஆழத்தில் இறந்தார் உலகிற்கும் கீழே அச்சிறை உளதென்று ஓமர் பாடினார். வெர்கிலியுஸ் அவ்வாழத்தை இருமடங்காக்கினார். தெய்வங்களைப் பகைத்தோர், தந்தையை அடித்தோர், உடன்பிறந்தாரை வெறுத்தோர், செல்வத்தைப் பூட்டி வைத்துச் சுற்றத்தார்க்கு ஈயாதோர் முதலியோர் அங்கே தண்டிக்கப்படுவர். எலீசியும் என்பது தனக்கென ஒரு கதிரவனும் தனக்கென விண்மீன்களும் உடைய பசும்புல்வெளி. நல்லோர் அங்கே உறைவர்.

தார்த்தருஸிலும் அடைக்கப்படாமல் எலீசியுமிலும் புகாமல் கிடப்போர் மிகப் பலர் என்பதை நோக்குக. பிறந்தவுடன் இறந்த குழவிகள் வாயிலில் அழுதுகொண்டிருக்கின்றன. அவற்றின் அருகே, பொய்க்குற்றம் சாட்டப்பட்டுக் கொல்லப்பட்டோர் இருக்கின்றனர். காதலால் மாய்ந்தோர் ஒரு புறமும், போரில் வீழ்ந்தோர் ஒரு புறமும் உளர். இவருள் ஒருவரும் தண்டனை பெறுவோர் அல்லர். இவரைத் தம் நூலுள் வைத்த கவிஞரின் இரக்கம், நரகம் என்னும் ஒரு சொல்லால் முற்றும் மறைந்துவிடும்.

ஐந்து ஆறுகள்

கீழுலகின் ஆறுகள் ஐந்து. ஆக்கெரோன் என்பதற்குத் துயராறு என்று முன்னோர் பொருள் கூறினர். கோக்கீத்துஸ் என்பது ஓலமிடுதலைக் குறிக்கும் வினையினின்று வந்தது. அதனை அழுகையாறு எனலாம். பிளெகெத்தோன் எரிதல் என்னும் வினையினின்று வந்த நெருப்பாறு. தார்த்தருஸின் மதிலைச் சுற்றி ஓடுவது. ஸ்திக்ஸ் என்பது வெறுத்தல் என்னும் வினையோடு உறவுடையது. தேவர்கள் ஆணையிடுவது இவ்வாற்றின் பெயராலே; அவ்வாணையைப் பொய்த்த தேவன் ஓராண்டு மூச்சற்றுக் கிடந்து, பின்னும் ஒன்பதாண்டு தேவரவையினின்று விலக்கப்படுவான் என்று எசியோது என்னும் பழம்புலவர் கூறினார். லேத்தே என்பது மறதி. ஆயிரம் ஆண்டுகள் கழித்து மீண்டும் உடலெடுக்க வேண்டிய உயிர்கள் அந்நீரைப் பருகித் தம் பழம்பிறப்பை மறக்கும் என்று வெர்கிலியுஸ் பாடினார். கிரேக்க மொழியில் உண்மையைக் குறிக்கும் அலேத்தெய்யா என்னுஞ் சொல்லை, மறவாமை என்னும் பொருளுடையதாகக் காட்டுவர்.

இவ்வாறுகளுட் பல, கற்பனையில் தோன்றுமுன் நிலத்தில் ஓடியவை. ஆக்கெரோன் கிரேக்க நாட்டின் வடமேற்கே எப்பீருஸ் பகுதியில் இன்றும் ஓடிக் கடலிற் கலக்கின்றது. கோக்கீத்துஸ் அதன் கிளையாறு. ஸ்திக்ஸ் என்பது ஆர்க்காதியா மலைநாட்டில் உயர்ந்த பாறையினின்று வீழும் அருவி. அதன் நீரோட்டத்தை இன்று அந்நாட்டார் கருநீர் என்னும் பொருள்பட அழைக்கின்றனர். ஆழ்ந்த பள்ளத்தாக்கில் மறைந்தோடும் நீரைக் கண்ட மக்கள், அது செல்லுமிடம் இறந்தார் உலகமே என்று கருதினர் போலும். நம் நாட்டிலும் இதற்கு ஒப்பு உண்டு. எமனுலகின் வாயிலில் ஓடுவதாகப் புராணங்கள் கூறும் வைதரணியின் பெயரால், ஒடிசா மாநிலத்தில் ஜாஜ்பூர் நகரைச் சார்ந்து ஓர் ஆறு இன்றும் ஓடுகின்றது.

இலத்தீன் புலவர் இவ்வைந்து பெயர்களையும் மொழிபெயர்க்காமல் கிரேக்க ஒலியிலேயே எடுத்துக்கொண்டனர். அதனால் ஓர் இழப்பு நேர்ந்தது. கிரேக்கன் ஒருவன் லேத்தே என்று கேட்குந்தோறும் மறதி என்னும் பொருளும் உடன் கேட்பான். கிரேக்கம் கல்லாத உரோமனுக்கு அது வெறும் பெயரே. ஒரே ஓரிடத்தில் அப்பொருள் உரோமப் படைவீரரை எதிர்கொண்டது. கி.மு. 2-ஆம் நூற்றாண்டில் யூனியுஸ் புரூத்துஸ் என்னும் படைத்தலைவர் ஐபீரிய நாட்டின் வடமேற்கே சென்றபோது, இன்று லீமா என வழங்கும் ஆறு குறுக்கிட்டது. அதனை மறதியாறு என்று மக்கள் அழைத்தனர். இலத்தீனில் மறதிக்கு ஒப்லீவியோ என்று பெயர். பகைவர்க்கு அஞ்சாத வீரர்கள் அந்நீரில் இறங்க மறுத்து நின்றனர். தலைவர் தாமே கொடியைப் பற்றிக்கொண்டு முதலில் கடந்த பின்னரே படை கடந்தது. பொருள் விளங்காத பெயர் அணியாக நிற்கும். பொருள் விளங்கிய பெயரோ கால்களைக் கட்டும்.

இப்பெயர்கள் இன்றும் வழக்கொழியவில்லை. 1930-இல் கண்டறியப்பட்ட புளூட்டோவின் துணைக்கோள்களுட் பெரியதாய் 1978-இல் அறியப்பட்டதற்குக் காரோன் என்று பெயரிட்டனர்; காரோன் என்பான் இறந்தாரை ஆறு கடத்தும் ஓடக்காரன். 2012-இல் கண்ட சிறு துணைக்கோள் ஒன்றிற்கு ஸ்திக்ஸ் என்றும், 2004-இல் கண்ட வேறொரு சிறுகோளிற்கு ஓர்க்குஸ் என்றும் பெயர்கள் வழங்குகின்றன. ஒளி குன்றிய தொலைவிடத்தைக் குறிக்க வானநூலார்க்கும் பழைய கீழுலகப் பெயர்களே வேண்டியிருந்தன.

தமிழ்நூல்களில் இறந்தார் உலகம்

இனித் தமிழின்பாற் செல்வாம். தமிழர் இறந்தாரைக் கீழே வைத்தாரல்லர், தெற்கே வைத்தனர். முன்னோர்க்குத் தென்புலத்தார் என்பது திருக்குறள் வழங்கும் பெயர். எமனுக்குத் தென்றிசைக்கோன் என்றும் பெயர் உண்டு. ஆயினும் தென்திசை தமிழர்க்கு அருவருப்பூட்டும் திசையன்று. பாண்டியனுக்குத் தென்னவன் என்பதே சிறப்புப் பெயர். மதுரைக்குத் தெற்கே வயலுழுது வாழ்ந்த ஊர்களும் அவன் நாட்டு ஊர்களே. தென்புலத்தார் என்னுஞ் சொல்லில் தண்டனையின் நிழல் சிறிதும் இல்லை; கடமையின் குறிப்பே உண்டு. இல்வாழ்வான் பேணவேண்டியவருள் அவரும் ஒருவர்.

தண்டனைக்குரிய இடத்திற்குத் தனிச் சொற்கள் உண்டு. நிரயம் என்பது புறநானூற்றிலேயே பயில்கின்றது. நரகம் பின்னர்ப் பெருவழக்காயிற்று. இவ்விரண்டும் வடமொழி வழியே வந்தன. தமிழுக்கே உரியது அளறு என்னும் சொல். சேறு என்பதே அதன் முதற்பொருள். காலை வைத்தால் மீட்க இயலாத சேற்றையே வள்ளுவர் நிரயத்திற்குப் பெயராக ஆண்டார். வற்றும் பருவத்துக் கண்மாய்ச் சேற்றில் மாடு ஒன்று சிக்கித் தவிப்பதைக் கண்ட எவர்க்கும் இச்சொல்லின் வன்மை விளங்கும். வியப்பென்னவெனின், வெர்கிலியுஸும் ஆக்கெரோன் ஆற்றைச் சேறு கலங்கிச் சுழிக்கும் நீராகவும், கோக்கீத்துஸின் கரையைக் கரிய சேறும் நாணலும் மண்டியதாகவும் பாடினார். நெருப்பைக் காட்டிலும் சேறு அச்சந்தருவது என்பதை இரு நாட்டுப் புலவரும் உணர்ந்திருந்தனர்.

கூற்று, கூற்றம், கூற்றுவன் என்பன சாவின் தெய்வத்திற்குப் பெயர்கள். உடலையும் உயிரையும் கூறுபடுத்துவோன் ஆதலின் அப்பெயர் பெற்றான் என்பர் உரையாசிரியர். ஓர்க்குஸ் என்பதற்கு இதனினும் பொருத்தமான சொல் இல்லை.

பாதலம் அல்லது பாதாளம் என்பது வேறு. அதலம் முதலாகக் கீழே அடுக்கிய ஏழு உலகங்களுள் இறுதியானது அது. நாகர்கள் உறையும் அவ்விடம் மணிகளால் ஒளிர்வது. இந்திரனுலகினும் அழகியது என்று நாரதர் வியந்ததாக விஷ்ணு புராணம் கூறும். நரகங்கள் இக்கீழுலகங்கட்கும் அப்பாற்பட்டன. எனவே பாதலம் தண்டனைக்குரிய இடமும் அன்று, இறந்தார் கூடும் இடமும் அன்று; நிலத்தின் கீழுள்ளது என்னும் ஒரு பொருளிலேயே இன்ஃபெரியோடு ஒக்கும். தீஸ் என்னும் செல்வனை நினைக்குமிடத்து, மணிகள் நிறைந்தது என்னும் பொருளாலும் சிறிது ஒக்கும்.

வைதரணியோவெனின், இரத்தமும் சீழும் பெருகுவதாகக் கருட புராணம் காட்டும் ஆறு. பசுவைத் தானம் செய்தார் அதன் வாலைப் பற்றிக் கடப்பர் என்பது நம்பிக்கை. கடத்தல் என்னும் பொருளுடைய வடமொழி வேரினின்று இப்பெயர் வந்தது; தீர்த்தம், அவதாரம் என்பனவும் அவ்வேரினவே. ஆக்கெரோனைக் கடக்கும் முறை வேறு. உடல் முறைப்படி அடக்கம் செய்யப்பட்டாரையே காரோன் ஓடத்தில் ஏற்றுவான். அஃதில்லார் நூறாண்டு கரையிலே அலைவர். அவன் கூலிக்கென இறந்தார் வாயில் ஒரு காசு வைப்பது பழைய வழக்கம். நம் ஊர்களிலும் வாய்க்கரிசி இடுவதும், நெற்றியில் ஒரு காசு ஒட்டுவதும் உண்டு. வழக்கம் ஒத்தாலும் கருத்து முற்றும் ஒன்றன்று. வைதரணியை இறந்தான் தான் செய்த கொடையால் கடக்கின்றான். ஆக்கெரோனை உயிரோடிருப்பார் தனக்குச் செய்த கடனால் கடக்கின்றான்.

இரு மொழிகளும் மதுரை நாட்டிற் கூடியமை

இலத்தீனும் தமிழும் எதிர்ப்பட்டது ஏட்டளவில் அன்று. இத்தாலி நாட்டு இராபர்ட்டு தெ நொபிலி, நேப்பிள்ஸ் நகரில் இயேசு சபையிற் சேர்ந்து, 1606-இல் மதுரை வந்தடைந்தார். அவெர்னுஸ் ஏரிக்கு அண்மையிலே துறவு தொடங்கியவர் அவர். அவர் காலத்துக்கு முன், கடற்கரை ஊர்களில் மறைச்சொற்கள் பல குருசு என்பது போலப் போர்த்துகேய ஒலியிலேயே வழங்கின. பொருள் விளங்காத ஒலியைப் புகுத்துவதினும், நாட்டார் அறிந்த சொல்லை எடுத்து அதற்குப் புதுப்பொருள் ஏற்றுவதே தக்கது என்பது நொபிலியார் கொண்ட நெறி. அவ்வழியில் வடசொற்கள் பல கிறித்தவத் தமிழிற் புகுந்தன. இறந்தார் தூய்மை பெறும் நிலைக்குக் கத்தோலிக்கர் வழங்கிய உத்தரிக்கிற ஸ்தலம் என்னும் தொடர் ஈண்டு நோக்கத்தக்கது. உத்தரித்தல் என்பதும், வைதரணி என்பதைப் போலவே, கடத்தல் என்னும் வேரினின்று வந்தது. ஆறு மறைந்தாலும், கடத்தல் என்னும் கருத்து சொல்லினுள்ளே நின்றது.

வீரமாமுனிவர் எனப் புகழ்பெற்ற பெஸ்கி 1680-இல் மாந்துவா நாட்டிற் பிறந்தவர், வெர்கிலியுஸ் கி.மு. 70-இல் பிறந்ததும் அம்மாந்துவாவின் அருகே. 1726-இல் தேம்பாவணியையும், 1732-இல் சதுரகராதியையும் இயற்றிய அவர், திருக்குறளின் முதலிரு பால்களையும் இலத்தீனிற் பெயர்த்தார். தென்புலத்தாரும் அளறும் வருவன அப்பால்களிலேதான். வெர்கிலியுஸின் நாட்டார் ஒருவர், வள்ளுவர் சொற்களுக்கு வெர்கிலியுஸின் மொழியிற் சொல் தேடினார் என்பது தமிழ் வரலாற்றின் ஓர் அரிய நிகழ்ச்சி.

இவ்விரு மொழிச் சேர்க்கையில் விளைந்த ஒரு சொல்லைச் சிறப்பாக எடுத்துக் காட்டுதல் வேண்டும். திருத்தூதர் விசுவாச அறிக்கையின் இலத்தீன் வாசகத்தில், கிறிஸ்து இறந்து அடக்கம் செய்யப்பட்டபின் இன்ஃபெரியிடம் இறங்கினார் என்பது கூறப்படுகின்றது. இன்ஃபெருஸ் என்பதனோடு உறவுடைய இன்ஃபெர்னோ என்னுஞ் சொல் பிற்காலத்து இத்தாலியத்திலும் போர்த்துகேயத்திலும் நரகம் ஒன்றையே குறிப்பதாயிற்று. ஆங்கிலப் பொதுமன்றாட்டு நூலும் அவ்விடத்தில், இன்று நரகம் எனப் பொருள்படும் சொல்லையே வைத்தது. எனவே தமிழில் எழுதியவரும் நரகம் என்று எழுதிவிடுதல் எளிது. ஆயினும் தமிழ்க் கத்தோலிக்கரும் சீர்திருத்தத் திருச்சபையாரும் இன்று ஒருங்கே ஓதுவது பாதாளம் என்னும் சொல்லே. ஆங்கிலேயரோ 20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான், இறந்தோரிடம் இறங்கினார் என்று தம் வாசகத்தைத் திருத்திக் கொள்ளலாயினர்.

வேதாகமத்திலும் இவ்வாறே. எபிரேயர் இறந்தாரிடத்தைச் சியோல் என்றும், கிரேக்கர் ஆதேஸ் என்றும் கூறினர். கெகென்னா என்பது வேறு. அஃது எருசலேமின் அருகேயுள்ள ஒரு பள்ளத்தாக்கின் பெயரினின்று எழுந்து தண்டனைக்குரிய இடத்தைக் குறித்தது. 1611-இல் வெளிவந்த ஆங்கில மொழிபெயர்ப்பு, புதிய ஏற்பாட்டில் வரும் ஆதேஸையும் கெகென்னாவையும் பெரும்பாலும் ஒரு சொல்லாலே குறித்து மயக்கந் தந்தது. பவர் ஐயர் தலைமையில் 1871-இல் நிறைவேறிய தமிழ் மொழிபெயர்ப்பு, ஆதேஸ் வருமிடத்துப் பாதாளம் என்றும், கெகென்னா வருமிடத்து நரகம் என்றும் வேறுபடுத்தி எழுதியது. நாகர் உறைந்த பாதாளம் தன் பழம்பொருளை நெகிழவிட்டு, இறந்தார் அனைவரையும் ஏற்கும் இடமாயிற்று. தக்க சொல் ஆயத்தமாகக் கிடையாதபோது, கிடைத்தவற்றுள் தீங்கற்றதைத் தேர்ந்து பயிற்சியாற் பொருத்தமாக்கிக் கொண்டனர் நம் முன்னோர்.

மொழிபெயர்ப்போர் கொள்ளத்தக்க நெறி

இதுகாறும் கூறியவற்றால் மாணவர் பின்பற்றத்தக்க சில முறைகள் போதரும். இன்ஃபெரி என வருமிடத்து இறந்தார் உலகம் அல்லது பாதலம் என்க. மானேஸ் என்பதற்குத் தென்புலத்தார் என்பது மிகப் பொருந்தும். இரண்டும் சந்ததியார் பேணும் முன்னோரையே குறிக்கும். ஓர்க்குஸ் தெய்வமாக வருமிடத்துக் கூற்றுவன் என்க. தார்த்தருஸ் ஒன்றற்கே நரகம், நிரயம், அளறு என்னும் சொற்களை வைத்துக் கொள்க. எலீசியும் என்பதைச் சுவர்க்கம் என்னற்க. அது வானத்தில் இல்லை. நல்லோர் வெளி என்பது போதும். ஆறுகளின் பெயர்களை மாற்றாது எழுதி, முதன்முறை வருமிடத்து மறதியாறாகிய லேத்தே, அழுகையாறாகிய கோக்கீத்துஸ் என்றாற்போலப் பொருளையும் சேர்த்துரைக்க. அவ்வாறு செய்யின் இலத்தீன் புலவர் இழந்ததைத் தமிழ் படிப்போர் இழவார். வைதரணி என்னும் பெயரை அவற்றுள் ஒன்றற்கும் இடாதொழிக. அது தனக்கே உரிய கதையும் அறமும் உடையது.

இவை நுண்ணிய வேறுபாடுகள் அல்லவோ, கதை படிப்பார்க்கு இவ்வளவு வேண்டுமோ என்று வினவுவார் உளராயின், அவர்க்கு ஏனேயாஸின் தந்தையே விடை கூறுவர். அங்கீசேஸ் என்னும் அம்முதியவர் இறந்தபின் மகனுக்கு இரவில் தோன்றி, தாம் தார்த்தருஸில் இல்லை என்பதையும், எலீசியுமில் நல்லோர் நடுவே உறைவதையும் தெளிவுறக் கூறி, தம்மைக் காண வருமாறு அழைக்கின்றார். மகன் தந்தையின் முகத்தை மறுமுறை காணவேண்டும் என்னும் அன்பினாலேயே அவ்விருளினுட் புகுகின்றான். அக்கதையைத் தமிழிற் சொல்லப் புகுந்த ஒருவர், ஏனேயாஸ் நரகத்திலிருந்த தன் தந்தையைக் காணச் சென்றான் என்று எழுதுவாராயின், இறந்தவர் தாமே வந்து மறுத்த பழியை மீண்டும் அவர்மேற் சுமத்தினவராவார். இறந்தோர் தமக்காகப் பேச இயலாதவர். அவரைப் பற்றி நாம் எழுதும் ஒவ்வொரு சொல்லையும் நிறுத்துப் பார்த்து எழுதுதல், கற்றோர் அவர்க்குச் செய்யத்தக்க கடனாகும்.